சர்வே நியூஸ் போடுறீங்க சரி, கேட்ட கேள்வியையும் சேத்துப் போடுங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

உங்க பேப்பரை எங்க வீட்ல ரொம்ப வருஷமா வாங்குறோம், அந்த உரிமைல கொஞ்சம் காட்டமாவே எழுதுறேன், தப்பா எடுத்துக்காதீங்க. வாரத்துல ரெண்டு மூணு நாளாவது ஏதோ ஒரு பக்கத்துல "ஆய்வில் தகவல்"னு ஒரு நியூஸ் வந்துருது. இத்தனை சதவீத இளைஞர்களுக்கு கல்யாணத்துல இஷ்டம் இல்ல, இத்தனை சதவீத பெண்கள் சந்தோஷமா இருக்காங்க, பாதிப் பேருக்கு மேல ஜாதி பாக்குறதே இல்ல, இப்படி. யார் கேட்டாங்க, என்ன கேட்டாங்க, எத்தனை பேர்கிட்ட, எந்த ஊர்ல, வாசல்ல நின்னு கேட்டாங்களா போன்லயா இல்ல வாட்ஸ்அப்ல லிங்க் அனுப்பியா, ஒரு வெவரமும் இருக்காது. சதவீதம் மட்டும் கொட்டை எழுத்துல இருக்கும். நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான் சார். சதவீதம் போடுற எடத்துலயே, ஜனங்ககிட்ட கேட்ட கேள்வி என்னவோ அதை கேட்ட வார்த்தைலயே போடுங்க.

இதை நான் ஏன் சொல்றேன்னா நான் சோஷியாலஜி எம்.ஏ. முடிச்சுட்டு சர்வே வேலைக்குப் போறவ. பெரிய ஆராய்ச்சியாளர்லாம் கிடையாது, டேப்லெட்டைத் தூக்கிட்டு வெயில்ல தெருத்தெருவா போய் கதவைத் தட்டுற ஃபீல்டு ஆளு. உசிலம்பட்டி, பேரையூர், ஆண்டிபட்டி பக்கம்தான் அதிகம் போட்டு விடுவாங்க. காலேஜ்ல வினாநிரல் முறைன்னு, அதாவது கேள்வித்தாள் வெச்சு கேட்டு எழுதுறது, ஒரு பாடமே இருந்துச்சு, நன்மைகள், தீமைகள்னு மனப்பாடம் பண்ணி எழுதுனோம். கொஞ்ச செலவுல நெறைய பேர்கிட்ட கேக்கலாம், எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி கேக்கலாம், பதிலை எண்ணிப் பாத்து ஊருக்கு ஊர் ஒப்பிடலாம். எல்லாம் சரிதான். ஆனா ஒரே மாதிரி கேட்டுட்டா எல்லாருக்கும் ஒரே மாதிரி போய் சேந்துரும்னு அந்தப் பாடம் நெனைச்சுக்கிட்டு இருக்கு, ஃபீல்டுல போய் நின்னாதான் தெரியுது அது எவ்ளோ பெரிய நெனப்புன்னு.

ரொம்ப சாதாரணக் கேள்வி ஒண்ணு, "வீட்ல யார் யார் வேலை பாக்குறாங்க". போன வருஷம் ஒரு வீட்ல இதைக் கேட்டேன். திண்ணைல வீட்டுக்காரர் உக்காந்துருக்கார், அவர்தான் பதில் சொல்றார். "நான் லோடு ஏத்தப் போறேன்மா, பையன் கோயமுத்தூர்ல கம்பெனில இருக்கான்." அக்கா என்ன பண்றாங்கண்ணேன்னு கேட்டா "அவ சும்மா வீட்லதான் இருக்கா". அவர் இதைச் சொல்றப்ப அந்தக்கா அவருக்குப் பின்னாடி நடைல ஒரு காலை நீட்டி உக்காந்து மல்லிப்பூ கட்டிக்கிட்டு இருக்காங்க. முன்னாடி ஈரத்துணில பூக்குவியல், ரெண்டு ரெண்டா பூவை எதிரெதிரா வெச்சு நூலை விரல்ல சுத்தி ஒரே இழுப்பு, கண்ணு பூவைப் பாக்கவே இல்ல, என்னையத்தான் பாத்துக்கிட்டு இருக்கு. பூக்கடைக்காரர் காலைல பூவும் நூலும் குடுத்துட்டுப் போவாராம், கட்டிக் குடுத்தா எடை பாத்து காசு. விடியக்காலைல எந்திரிச்சு ஆட்டுக்கு தழை ஒடிச்சுப் போட்டு, சோறாக்கி, நூறு நாள் வேலை இருந்தா அதுக்கும் ஓடிட்டு வந்துதான் இதுக்கு உக்காருறாங்க. சரி அவங்ககிட்டயே கேப்போம்னு திரும்பிக் கேட்டேன், "ஆமா பாப்பா சும்மாதான இருக்கேன்"னு சொல்லிட்டு அடுத்த கண்ணியைப் போட்டாங்க. நாம கேட்டதைக் கேட்டபடியே பதிவு பண்ணா அந்தக்காவுக்கு "வேலை இல்லை". இந்த மாதிரி லட்சக்கணக்கான அக்காக்களைக் கூட்டிப் போட்டுட்டு "வேலைக்கு வர பெண்கள் தயக்கம்"னு நீங்க ஒரு தலைப்பு வெப்பீங்க.

இது எனக்கு மட்டும் தெரிஞ்ச ரகசியம் இல்ல. பெண்கள் பாக்குற வேலை கணக்குலயே வரலைன்னு ஆராய்ச்சி பண்றவங்களும் பெண்கள் அமைப்புகளும் சண்டை போட்டு, 1991 சென்சஸ்ல வேலை பத்துன கேள்விலயே சொந்த நிலத்துலயோ குடும்பத் தொழில்லயோ சம்பளம் இல்லாம பாக்குற வேலையும் சேத்துத்தான்னு ஒரு வரியைச் சேக்க வெச்சாங்க. அதைவிடப் பெருசு 2019ல தேசிய புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டு சர்வே. அதுல வேலை பாக்குறீங்களான்னு ஆரம்பிக்கிறதே இல்ல. நேத்து காலைல 4 மணிலேருந்து இன்னைக்கு காலைல 4 மணி வரைக்கும் அரைமணி அரைமணியா என்ன பண்ணீங்கன்னு கேட்டு எழுதுறது, அவ்ளோதான். அதுல என்ன வந்துச்சுன்னா, வீட்டுக்காக சம்பளமில்லாம சமைக்கிறது கூட்டுறது தொவைக்கிறதுன்னு வேலை பாக்குற பெண்கள் ஒரு நாளைக்கு சராசரியா 299 நிமிஷம் பாக்குறாங்க, ஆம்பளைங்க 97 நிமிஷம். பரவால்லையே ஒண்ணரை மணிநேரமான்னு அவசரப்பட வேண்டாம், அது ஏதாவது செஞ்சேன்னு சொன்ன ஆம்பளைங்களோட சராசரி மட்டும், அப்படிச் சொன்னவங்களே 26 சதவீதம்தான், பெண்கள்ல 81. திரும்ப 2024ல எடுத்தப்ப 289 நிமிஷம், 88 நிமிஷம். அதே நாடு, அதே ஜனங்க, கேள்வியை மட்டும் மாத்திக் கேட்டாங்க, "சும்மா இருக்கேன்"னு சொன்னவங்க கிட்டத்தட்ட அஞ்சு மணிநேரம் வேலை பாத்தது தெரிஞ்சு போச்சு.

வார்த்தை கூட மாற வேண்டாம் சார், ஃபார்ம்ல கட்டம் போட்ட விதம் மாறினாலே போதும், நாட்டோட வறுமையே மாறிரும். விளையாட்டுக்கு சொல்லலை. 1999-2000ல நடந்த 55வது சுற்று தேசிய மாதிரி ஆய்வுல, சாப்பாட்டு செலவை கடைசி 7 நாளுக்கும் கேட்டாங்க, கடைசி 30 நாளுக்கும் கேட்டாங்க, அதே வீட்ல, பக்கத்துப் பக்கத்துக் கட்டத்துல. முன்னாடிலாம் 30 நாள்தான் வழக்கம். இப்ப யோசிச்சுப் பாருங்க, அரிசி பருப்புன்னு ஒவ்வொண்ணுக்கும் வாரக்கணக்கு சொல்லிட்டு ஒடனே மாசக்கணக்கு கேட்டா நீங்க என்ன பண்ணுவீங்க, வாரத்துக்கு சொன்னதை மனசுக்குள்ள நாலால பெருக்கி சொல்லுவீங்க. கேக்குறவரும் ரெண்டும் ஒத்துப்போகுதான்னு பாத்துத்தான் எழுதுவார், இல்லாட்டி சூப்பர்வைசர் திருப்பி அனுப்புவார்ல. பொதுவா கிட்டத்துல நடந்ததைக் கேட்டா நல்லா ஞாபகம் வரும், செலவு கூடுதலா வரும், அதனால அந்த 30 நாள் கணக்கும் சேந்து ஏறியிருக்கும்னு பொருளாதாரக்காரங்க பிடிச்சுக்கிட்டாங்க. ஏன்னா இந்தச் செலவை வெச்சுத்தான் வறுமையைக் கணக்குப் போடுறது, 1993-94ல 36 சதவீதமா இருந்த வறுமை அந்தச் சுற்றுல 26.1னு வந்துச்சு. வறுமை குறைஞ்சுச்சா இல்ல கட்டத்தால குறைஞ்ச மாதிரி தெரியுதான்னு வருஷக்கணக்கா கட்டுரை மேல கட்டுரையா எழுதுனாங்க. குறைஞ்சது நெஜம்தான், எவ்ளோங்கிறதுலதான் சண்டை. அப்புறம் 2022-23ல எடுத்த வீட்டுச் செலவு சர்வேல மறுபடி முறையை மாத்திட்டாங்க, கேள்வித்தாளைப் பிரிச்சு ஒரே வீட்டுக்கு மூணு மாசத்துல மூணு தடவை போறாங்க, அதனால பழைய நம்பரோட நேரா வெச்சுப் பாக்க முடியாது. ஆனா நம்ம பேப்பர்கள்ல பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு படம் போட்டு அம்புக்குறி போட்டாச்சு.

அடுத்து ஜாதி. "பாதிப் பேருக்கு மேல ஜாதி பாக்குறதில்ல"ன்னு வர்ற நியூஸைப் படிக்கிறப்பலாம் எனக்கு சிரிப்புதான் வரும். ஒரு ஆள் டேப்போட வந்து நின்னு நீங்க ஜாதி பாப்பீங்களான்னு கேட்டா யாராச்சும் ஆமான்னு சொல்லுவாங்களா? "அதெல்லாம் அந்தக் காலம்மா, இப்ப யார் பாக்குறா" அப்படிம்பாங்க, சொல்லிட்டே நீங்க எந்தூரு, எந்தத் தெரு, அப்பா பேரு என்னன்னு நம்மளை விசாரிப்பாங்க, எதுக்கு விசாரிக்கிறாங்கன்னு கேக்குறவளுக்கும் தெரியும் சொல்றவங்களுக்கும் தெரியும். தண்ணி எதுல குடுக்குறதுங்கிறதே அந்தப் பதிலைப் பொறுத்துதான் சில வீட்ல. 2011-12ல இந்திய மனித மேம்பாட்டு சர்வேன்னு ஒண்ணு எடுத்தாங்க, டெல்லில இருக்குற என்.சி.ஏ.இ.ஆர். நிறுவனமும் அமெரிக்காவுல மேரிலாண்ட் பல்கலைக்கழகமும் சேந்து, 42,000 வீட்டுக்கு மேல. அதுல இந்தக் கேள்வியை ரெண்டு படியா வெச்சிருந்தாங்க. மொதல்ல உங்க வீட்ல யாராவது தீண்டாமை பாக்குறீங்களான்னு நேரா கேக்குறது. இல்லைன்னு சொன்னவங்கள அப்படியே விட்டுறாம, சரி, தாழ்த்தப்பட்ட ஒருத்தர் உங்க சமையக்கட்டுக்குள்ள வந்தாலோ உங்க பாத்திரத்தைப் புழங்குனாலோ உங்களுக்கு ஏதாவது சங்கடம் இருக்குமான்னு ரெண்டாவது கேக்குறது. ரெண்டையும் சேத்துதான் 27 சதவீத வீட்ல ஏதோ ஒரு விதத்துல தீண்டாமை இருக்குன்னு வந்துச்சு. மொதல் கேள்வியோட நிறுத்தியிருந்தா நம்பர் இன்னும் கம்மியா, நமக்கெல்லாம் இன்னும் சௌகரியமா வந்துருக்கும். அந்த 27லயும் வாய்விட்டு சொன்னவங்கதான் இருக்காங்க, மனசுக்குள்ள வெச்சுக்கிட்டவங்க கணக்குல இல்ல, அது தனி.

இதுக்கு நேர் எதிரா நடந்ததும் உண்டு, பாடத்துல எனக்குப் பிடிச்சது அது ஒண்ணுதான். 1930கள்ல அமெரிக்காவுல லாபியர்னு ஒரு சோஷியாலஜி பேராசிரியர், ஒரு சீனத் தம்பதியோட கார்ல அந்த நாட்டையே சுத்தி வந்தார், சுமாரா 10,000 மைல். அப்ப அங்க சீனாக்காரங்க மேல வெறுப்பு உச்சத்துல இருந்த நேரம். 251 ஹோட்டல், லாட்ஜ், சாப்பாட்டுக் கடைன்னு ஏறி எறங்கி, ஒரே ஒரு எடத்துலதான் முடியாதுன்னு சொல்லிருக்காங்க. ஆறு மாசம் கழிச்சு அதே எடங்களுக்கெல்லாம் தபால்ல கேள்வி அனுப்புறார், சீனாக்காரங்க வந்தா எடம் குடுப்பீங்களான்னு. 128 பேர் பதில் போட்டாங்க, அதுல பத்துக்கு ஒம்பது பேருக்கு மேல முடியாதுன்னு எழுதிட்டாங்க. வந்து நின்னப்ப சோறு போட்டவன்தான் இப்ப பேப்பர்ல முடியாதுங்குறான். 1934ல இதை அவர் எழுதினார். நம்ம ஊர்ல பேப்பர்ல நல்லவனா இருந்துட்டு நேர்ல வேற மாதிரி, அங்க நேர்ல பரவால்ல பேப்பர்ல மோசம். ரெண்டுலயும் நமக்குக் கெடைக்கிறது ஒருத்தன் கேள்விக்கு என்ன சொன்னாங்கிறது மட்டும்தான், அவன் என்ன பண்ணுவாங்கிறது இல்ல. அதனாலதான் சார் "இத்தனை சதவீதம் பேர் இப்படி இருக்கிறார்கள்"னு எழுதாம "இப்படிச் சொல்கிறார்கள்"னாவது எழுதுங்கன்னு சொல்றேன், அதுக்கு எடம் ஒண்ணும் கூட ஆகாது.

கேள்விய எந்த வரிசைல கேக்குறோங்கிறதும் இருக்கு. 1948ல அமெரிக்காவுல ஒரு சோதனை பண்ணாங்க. கம்யூனிஸ்ட் நாட்டு நிருபர்களை நம்ம நாட்டுக்குள்ள விட்டு அவங்க பாத்ததை அவங்க பேப்பருக்கு எழுதி அனுப்ப விடலாமான்னு நேரா கேட்டா 36 சதவீதம் பேர்தான் விடலாம்னாங்க. அதே கேள்விக்கு முன்னாடி, ரஷ்யா நம்ம அமெரிக்க நிருபர்களை உள்ள விடணுமான்னு கேட்டுட்டு அப்புறம் இதைக் கேட்டா 73 சதவீதம். நம்மாளு அங்க போகலாம்னு இப்பதான் வாயால சொல்லிட்டு ஒடனே அவன் இங்க வரக்கூடாதுன்னு சொல்ல கூச்சம் வந்துருது. கேள்வியில ஒரு எழுத்து மாறலை, எண்ணிக்கை ரெண்டு மடங்கு ஆயிருச்சு. நீங்க ஒரு பத்திரிகை நடத்துறவர், நிருபர்கள் சம்பந்தப்பட்ட கேள்விங்கிறதால இது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்னு சொல்றேன்.

பக்கத்துல யார் நிக்கிறாங்கங்கிறது அடுத்து. மாமியார் பக்கத்துல இருக்கப்ப மருமகள்கிட்ட எதைக் கேட்டாலும் "எல்லாம் நல்லா பாத்துக்குறாங்க"தான். தேசிய குடும்பநல சர்வேல வீட்டு வன்முறை பத்துன பகுதிய ஒரு வீட்ல ஒரே ஒரு பொம்பளைகிட்டதான் கேக்கணும், தனியா வெச்சுத்தான் கேக்கணும், தனிமை கெடைக்கலைன்னா கேக்கவே கூடாதுன்னு கண்டிஷன் வெச்சிருக்காங்க, ரொம்ப நல்ல கண்டிஷன். ஆனா ஒத்தை ரூம் வீட்ல, தெருவே வந்து ஜன்னல்ல நின்னு வேடிக்கை பாக்குறப்ப தனிமைக்கு எங்க போறது. இந்த மாதிரி கூச்சமான கேள்விக்கெல்லாம் 1965லயே வார்னர்னு ஒருத்தர் ஒரு வழி சொல்லியிருக்கார், பதில் சொல்றவங்க எந்தக் கேள்விக்கு பதில் சொல்றாங்கன்னு கேக்குறவங்களுக்கே தெரியாம குலுக்கல்ல விட்டுட்டு, மொத்தமா கணக்குப் போட்டு எடுக்குறது. பின்னாடி வந்தவங்க அதுல காசு சுண்டுற முறையும் கொண்டு வந்தாங்க. மறைச்சு சுண்டிப் பாக்கணும், தலை விழுந்தா எதுவா இருந்தாலும் ஆமான்னு சொல்லிரணும், பூ விழுந்தா உண்மையைச் சொல்லணும். ரொம்ப புத்திசாலித்தனமான வழி, எனக்கு சந்தேகமே இல்ல. ஒரு அப்பத்தாகிட்ட இதை நான் வெளக்கி முடிச்சப்ப "ஏத்தா காசை எனக்கே குடுத்துட்டுப் போறியா, வெத்தலை வாங்கிக்கிறேன்"னுச்சு.

அப்புறம் பயம். எங்களைப் பாத்தாலே மொதல் கேள்வி அவங்கதான் கேப்பாங்க, "என்ன திட்டத்துக்கு எழுதுறீங்க?" எந்தத் திட்டமும் இல்லக்கா, ஆய்வுக்குன்னா யாரு நம்புறா. கலைஞர் மகளிர் உரிமைத்தொகை 2023 செப்டம்பர்ல ஆரம்பிச்சதுலேருந்து இது இன்னும் கூடிப்போச்சு, ஏன்னா ஆரம்பிச்சப்ப அதுக்கு குடும்ப வருமானம் வருஷத்துக்கு ரெண்டரை லட்சத்துக்குள்ள இருக்கணும், கார் இருக்கக்கூடாது, கரண்ட் 3,600 யூனிட்டைத் தாண்டக்கூடாதுன்னு நெறைய நிபந்தனை. அதை நான் குறை சொல்லலை, ஆனா அதே மாதிரி கேள்விகளோட நாங்க போய் நிக்கிறப்ப ஜனங்க அந்தத் தொகையை மனசுல வெச்சுத்தான் பதில் சொல்றாங்க. வாசல்ல கார் நிக்குது, மேல தார்ப்பாய் போட்டு மூடியிருக்கு, "அது மச்சினன் வண்டி"ம்பாங்க. நெலம் கேட்டா குறையும், கடன் கேட்டா கூடும். நான் அவங்களைத் தப்பு சொல்ல மாட்டேன். சொல்ற பதிலால நமக்கு என்ன நஷ்டம்னு யோசிச்சு பதில் சொல்றவங்கதான் புத்தியுள்ளவங்க. அதை யோசிக்காம அந்த நம்பரை அப்படியே தூக்கி "தமிழ்நாட்டில் சராசரி குடும்ப வருமானம்"னு போடுறது யாரோட தப்பு?

எங்க பக்கத்துத் தப்பையும் சொல்லணும், மறைக்கக்கூடாது. பல எடத்துல சம்பளம் ஃபார்முக்கு இவ்ளோன்னுதான். கேள்வித்தாள் ஒண்ணரை மணிநேரத்துக்கு இழுக்கும், ஆனா டார்கெட் போடுறவருக்கு அது தெரியாது. அவர் ஏசி ரூம்ல உக்காந்து "இன்னும் நாலு கேள்வி சேத்துக்கலாமே"ன்னு சேத்துக்கிட்டே போவார். முக்கா மணிநேரம் தாண்டுனா அந்தக்கா அடுப்பைப் பாக்கும், புள்ளை அழும், அதுக்கப்புறம் எதைக் கேட்டாலும் "ஆமா, ஆமான்னு போட்டுக்க தாயி"தான். கார்ல் மார்க்ஸே 1880ல பிரான்ஸ் தொழிலாளிகளுக்குன்னு சுமார் நூறு கேள்வி எழுதிக் குடுத்து, 25,000 காப்பி அடிச்சு அனுப்புனாங்க, திரும்பி வந்த பதில் ரொம்ப சொற்பம். வேலை பாத்து களைச்சுப்போய் வர்றவன் நூறு கேள்விக்கு உக்காந்து பதில் எழுதுவான்னு அவ்ளோ பெரிய மனுஷன் எப்படி நெனைச்சாரோ. இப்ப எங்காளுங்கள்ல சில பேர் என்ன பண்றாங்கன்னா, டீக்கடைல உக்காந்து மீதி ஃபார்மை அவங்களே ரொப்பிடுறாங்க. ஒரு எடத்துல நான் ஏன் டார்கெட் முடிக்கலைன்னு கேட்டதுக்கு வீடு பூட்டியிருந்துச்சு சார், நாளைக்கு திரும்பப் போகணும்னேன், அதுக்கு "பக்கத்து வீட்டைப் பாத்து ஒரு ஐடியால போட்டு விட வேண்டியதுதானம்மா"ன்னு அங்க இருந்த ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே சொன்னார். பேர் சொல்ல விரும்பலை. அங்க அடுத்த சர்வேக்கு என்னையக் கூப்பிடலை.

வீடு பூட்டியிருக்குன்னு விடுறது சின்ன விஷயம் இல்ல சார். பகல்ல பூட்டியிருக்கிற வீடு யாரு வீடு? புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் கூலிக்குப் போற வீடு. அதை விட்டுட்டு தெறந்துருக்கிற வீடா பாத்து கேட்டுட்டு வந்தா ஊர்ல பாதிப் பேர் கணக்குல வரவே மாட்டாங்க. இதுல பாடம் படிச்சதே ஒரு பத்திரிகைதான், அமெரிக்காவுல லிட்டரரி டைஜஸ்ட்னு. 1936 ஜனாதிபதி தேர்தலுக்கு டெலிபோன் டைரக்டரி, கார் வெச்சிருக்கிறவங்க லிஸ்ட் இதெல்லாம் பாத்து சுமார் ஒரு கோடி பேருக்கு சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கு மேல திரும்பி வந்து, லாண்டன்ங்கிற வேட்பாளர் 57 சதவீதம் வாங்கி ஜெயிப்பார்னு போட்டாங்க. எதிர்த்து நின்ன ரூஸ்வெல்ட் 61 சதவீதம் வாங்கி மொத்தம் 48 மாநிலத்துல 46ஐ அள்ளிட்டார். பொருளாதாரமே படுத்துக் கெடந்த காலத்துல போனும் காரும் வெச்சிருந்தவன் ஒரு பக்கம், இல்லாதவன் ஒரு பக்கம், அது போக சீட்டை நெரப்பி திருப்பி அனுப்புற அளவுக்கு கோவத்துல இருந்தவங்க ஒரு பக்கம். ரெண்டு வருஷத்துல அந்தப் பத்திரிகையே இல்லாமப் போச்சு. அதே தேர்தலை காலப்னு (Gallup) ஒரு கருத்துக்கணிப்பு கம்பெனி சுமார் 50,000 பேரை வெச்சு யார் ஜெயிப்பாங்கன்னு சரியா சொல்லிருச்சு. அதனால "லட்சம் பேரிடம் ஆய்வு"ன்னு வந்தா மயங்கிராதீங்க. இப்ப நடக்குறது அதைவிட சுலபம், எம்.பி.ஏ. படிக்கிற தம்பி கூகுள் ஃபார்ம் லிங்கை நாலு வாட்ஸ்அப் குரூப்ல போடுறான், "ப்ரோ ப்ளீஸ் ஃபில் பண்ணுங்க"ங்கிறான், அவன் கிளாஸ்மேட்டும் சித்தி பொண்ணும் ரொப்புறாங்க, காலேஜ்லேருந்து பிரஸ் ரிலீஸ் வருது, மறுநாள் உங்க பேப்பர்ல "தமிழக இளைஞர்களில்"னு ஆரம்பிச்சு நியூஸ். அந்தத் தம்பி மேல எனக்குக் கோவம் இல்ல, அவனுக்கு ப்ராஜக்ட் முடியணும்.

இவ்ளோ சொல்றதால சர்வேயே வேண்டாம்னு நான் சொல்றதா எடுத்துக்காதீங்க, எனக்கு சோறு போடுறதே அதுதான். அந்த 299 நிமிஷத்தையும் 27 சதவீதத்தையும் வேற எந்த முறைல கண்டுபிடிச்சிருப்பாங்க? ஒரு ஊர்ல போய் ஒரு வருஷம் தங்கிப் பாத்து எழுதுறது பெரிய விஷயம்தான், ஆனா அது அந்த ஊரு. நல்லா யோசிச்சு வெச்ச கேள்வி, கேக்கத் தெரிஞ்ச ஆளு, பூட்டுன வீட்டுக்கு திரும்பப் போற பொறுமை, இது மூணும் இருந்தா கேள்வித்தாள் மாதிரி ஒண்ணு கெடையாது. இது மூணும் இருந்துச்சான்னு படிக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும், நீங்க போட்டாத்தான தெரியும்.

இப்ப ஏன் அவசரமா எழுதுறேன்னா, ஜாதிக் கணக்கெடுப்பு. அடுத்த சென்சஸ்ல ஜாதியும் கேக்கப்போறதா 2025 ஏப்ரல் 30ஆம் தேதி மத்திய அரசு சொல்லியாச்சு, 2027 மார்ச் 1தான் கணக்குத் தேதி. 1931 சென்சஸ்ல மொத்தம் 4,147 ஜாதின்னு எழுதியிருக்கு. 2011ல சமூக பொருளாதார ஜாதிக் கணக்கெடுப்புன்னு எடுத்தப்ப லிஸ்ட் எதுவும் வெச்சுக்காம ஜனங்க சொன்னதை சொன்னபடி எழுதிட்டு வந்தாங்க, 46 லட்சத்துக்கு மேல பேர் வந்துச்சு. ஜாதியும் உட்பிரிவும் கூட்டமும் கொலமும் பட்டப்பேரும் எழுத்துப்பிழையும் எல்லாம் ஒண்ணா. அந்த ஜாதிக் கணக்கை இன்னைக்கு வரைக்கும் வெளியிடவே இல்ல. பிஹார்ல 2023ல முன்னாடியே லிஸ்ட் போட்டு 200க்கு மேல ஜாதிக்கு ஆளுக்கொரு நம்பர் குடுத்துட்டுப் போனாங்க, எண்றது சுலபமாச்சு, ஆனா யாரை எந்த நம்பர்ல சேத்தாங்கன்னு சண்டை வந்துச்சு, திருநங்கைகளையும் லிஸ்ட்ல ஒரு ஜாதியா போட்டு அது கோர்ட் வரைக்கும் போச்சு. எழுதவிட்டா ஒரு பிரச்சனை, லிஸ்ட் குடுத்தா இன்னொரு பிரச்சனை. எங்க பக்கம் ஒரே குடும்பத்துல அண்ணன் சர்டிபிகேட்ல ஒரு மாதிரியும் தம்பி சர்டிபிகேட்ல ஒரு மாதிரியும் எழுதியிருக்கிறதை நானே பாத்துருக்கேன். அந்த வீட்டு வாசல்ல போய் நிக்கப்போற டீச்சரம்மா எதை எழுதுவாங்க, யார் சொல்றதை எழுதுவாங்க, அவங்களுக்கு என்ன சொல்லிக் குடுத்து அனுப்புனாங்க, இதெல்லாம் தெரியாம நாளைக்கு வரப்போற எண்ணிக்கையை வெச்சு இடஒதுக்கீடு வரைக்கும் எல்லாரும் பேசப்போறாங்க.

நான் புதுசா எதையும் கேக்கலை சார். தேர்தல் கருத்துக்கணிப்பு போடுறப்ப யார் எடுத்தது, யார் எடுக்கச் சொன்னது, எத்தனை பேர், அவங்களை எப்படித் தேர்ந்தெடுத்தாங்க, எவ்ளோ முன்ன பின்ன இருக்கலாம்னு முன்னாடியே தெளிவா போடணும்னு பிரஸ் கவுன்சில் வழிகாட்டுதலே இருக்கு. 2024 ஜூன்ல எக்ஸிட் போல் முக்காவாசி பேர் என்.டி.ஏ.வுக்கு 350க்கு மேலன்னு போட்டு 293ல நின்னப்ப எல்லா பேப்பரும் கிண்டல் அடிச்சீங்க. தேர்தல்னா ரிசல்ட் வந்துரும், தப்பு தெரிஞ்சுரும். "பெண்கள் சந்தோஷமா இருக்காங்க"ன்னு போட்டதுக்கு எந்த நாள் ரிசல்ட் வரும்? அதனால தேர்தலுக்கு வெச்ச அதே விதியை எல்லா சர்வே நியூஸுக்கும் வெச்சுக்கோங்க, கூடவே கேள்வியையும் போடுங்க. எடம் இல்லைன்னு சொல்லாதீங்க. நாலு வரி போதும், ராசிபலன் பக்கத்துல ஒரு ராசியைக் குறைச்சாலும் யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க (எங்க அம்மா ராசி தவிர). கேள்வி என்னன்னு அனுப்பாத பிரஸ் ரிலீஸை அன்னைக்குப் போடாதீங்க, கேட்டு வாங்கிட்டு மறுநாள் போடுங்க. சென்சஸ் ஜாதிக் கேள்வியும் அதுக்கு ஊழியர்களுக்குக் குடுக்குற வழிமுறையும் வெளிய வந்த ஒடனே மொத்தமா தமிழ்ல ஒரு முழுப் பக்கம் போடுங்க, கணக்கெடுக்க ஆள் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே.

இந்தக் கடிதத்தைப் போட்டா என் பேர் போட வேண்டாம், உசிலம்பட்டி வாசகின்னு மட்டும் போடுங்க, இன்னும் இதே வேலைலதான் இருக்கேன். நீளமா இருக்குன்னு வெட்டுறதா இருந்தா மார்க்ஸை வெட்டிக்கோங்க, அந்தப் பூக்கட்டுற அக்காவை வெட்டாதீங்க.

இப்படிக்கு,
உசிலம்பட்டி வாசகி